சாக்கு, ஓடிப்போடா

தூங்கி எழுந்தவனை எழுந்த கையோடு விசாரிப்பதில் என் மனைவி ஸ்டெஃபிக்கு அப்படி என்ன சந்தோஷமோ தெரியவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன் மத்தியானம் கண் விழித்தால், கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் காதுக்குப் பக்கத்தில் செல்போனை நீட்டினாள்.

"இதக் கேளுங்க."

மின்விசிறி கடகடக்கிற சத்தம். அப்புறம் ஒரு குரல், குழறலாக, கெஞ்சுகிற மாதிரி. "சாக்கு... சாக்கு... ஓடிப்போடா..." கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. மறுபடியும் "ஓடிப்போடா."

"யாரு இது?" என்றேன்.

"நீங்கதான்."

"என் குரலு எனக்குத் தெரியாதா?"

"நல்லா கேளுங்க."

நன்றாகத்தான் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது என் குரல் என்று தெரிந்தது. ஆனால் அதன் வயசு குறைந்திருந்தது. ஒரு சின்னப் பிள்ளை என் தொண்டைக்குள் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஸ்டெஃபி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. நான் வேலை பார்ப்பது ஜவ்வரிசி மில்லில். குச்சிக்கிழங்கு லாரி லாரியாக வந்து, அரைபட்டு, மாவாகி, மணியாகி, காய்ந்து கடைசியில் என்னிடம் வரும். நான் அதை சாக்கில் பிடித்து, எடை போட்டு, தைத்து அடுக்கிவைக்க வேண்டும். கண்ணைத் திறந்தால் சாக்கு, மூடினால் சாக்கு. கனவிலும் அதுவே வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் சாக்கைப் பார்த்து எதற்கு ஓடிப்போடா என்று சொல்ல வேண்டும்? சாக்கு எங்கே ஓடும்?

ஸ்டெஃபிக்கு அந்தக் கவலை இல்லை. அவள் தர்மபுரியில் பி.எட். முதல் வருஷம் படிக்கிறாள். அதில் உளவியல் என்று ஒரு பேப்பர் இருக்கிறது. அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து யாரும் நிம்மதியாகக் கொட்டாவிகூட விட முடியவில்லை. நான் சாப்பிட்டால் ஒரு விளக்கம், சாப்பிடாவிட்டால் அதற்கொரு விளக்கம். இப்போது தூங்கியும் மாட்டிக்கொண்டேன்.

"நாம தூங்கறப்ப மூளை தூங்கறதில்லீங்க," என்றாள். "கட்டம் கட்டமா எறங்கும், ஏறும். ஒரு கட்டத்துல இமைக்குள்ள கண்ணு உருளும். நெறையா கனவு அப்பதான். பேச்சு எந்தக் கட்டத்துல வேணா வரும்."

"அப்ப பேசனது யாரு?"

"நீங்கதான்."

"நான்தான் தூங்கிட்டு இருந்தனே."

"அதுதாங்க கேள்வியே. நனவு எது, நனவிலி எது, விளக்குக. பத்து மார்க்கு."

அவளுக்குப் பத்து மார்க்கு. எனக்கு அது என் வாய். அடுத்தடுத்த நாட்களிலும் அதே பேச்சுதான். சாக்கு, ஓடிப்போடா, சாக்கு. சில நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. படுக்கப் போகவே எனக்குப் பயமாகிவிட்டது. நான் இல்லாத நேரத்தில் என் வாயை யாரோ எடுத்துப் புழங்குகிறார்கள், நான் எழுந்ததும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாதவராஜிடம் சொன்னேன். மில்லுக்குக் கிழங்கு லாரி ஓட்டுகிறவன். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், போலீஸ்காரரைப் பார்த்தால் இரண்டும் வராது. டீக்கடையில் வைத்து அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னான்.

"டேய் பிரவீனு, இதுல தமிழே இல்லியேடா."

"என்னா சொல்ற?"

"இது கோணிச் சாக்கு இல்ல. எங்க பேச்சுல சாக்குன்னா போதும்னு அர்த்தம். அப்பறம் நீ ஓடிப்போடான்னு எங்கடா சொல்ற? ஹொடிபேடாங்கற. அடிக்காதன்னு அர்த்தம். போதும், அடிக்காத, போதும். நீ எப்ப கன்னடம் கத்துக்கின?"

"கத்துக்கவே இல்ல."

"சரி, உன்ன யாரு அந்த அடி அடிச்சது?"

யாரும் அடித்ததில்லை. அம்மா என்மேல் கை ஓங்கியதுகூட கிடையாது. அப்பா திட்டுவதென்றாலே ரெண்டு தடவை இருமிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். என்னை அடித்த ஒரே ஆள் என் அக்கா கேத்தரின். அதுவும் கணக்குத் தப்பாகப் போட்டதற்கு.

மாதவராஜ் எழுந்து லாரிக்குப் போகும்போதுதான் அதைச் சொன்னான். "சாக்குக்கு இன்னொரு அர்த்தமும் இருக்குதுடா. வளக்கறது. சாக்கு மகன்னா வளர்ப்பு மகன். எதுக்கும் உங்க வூட்ல கேட்டுப் பாரு, உன்ன எங்கியாச்சும் எடுத்தாந்திருக்கப் போறாங்க." சொல்லிவிட்டு ஆரன் அடித்துக்கொண்டு சிரித்தபடி போய்விட்டான். அவனுக்கு அது விளையாட்டு. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பிறந்தது பெங்களூரில். அப்பா பெரியநாயகமும் அம்மா மிக்கேலம்மாளும் கல்யாணமான கையோடு அங்கே கட்டட வேலைக்குப் போய் பல வருஷம் இருந்தவர்கள். நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது அம்மாவின் இடுப்பில் நான், அப்பாவின் விரலைப் பிடித்தபடி நாலைந்து வயசு அக்கா. எனக்கு அப்போது பேச்சுகூட வரவில்லையாம். அப்படியானால் கன்னடம் மட்டும் எங்கிருந்து வந்தது? அதை விடுங்கள். அம்மா என்னை வயிற்றில் சுமந்ததை எங்கள் ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

அக்கா விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அவள் அம்மாவை உரித்து வைத்தவள். அதே நடை, அதே இடுப்பில் கை, கோபம் வந்தால் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேச ஆரம்பிக்கிற அதே பழக்கம். பூசைக்குப் போனால் பின்னாலிருந்து பார்க்கிறவர்கள் இரண்டு பேரையும் மாற்றிக் கூப்பிடுவார்கள். நான் யார் மாதிரி? கண்ணாடியில் பார்த்தேன். என் மூக்கு அப்பாவுடையது இல்லை. காது யாருடையதும் இல்லை. இடது கைப் பழக்கம் வேறு. எங்கள் வீட்டில் அது யாருக்கும் கிடையாது.

ஸ்டெஃபியிடம் இதைச் சொன்னது என் புத்திகெட்டதனம். அவள் உடனே புத்தகத்தில் மரபும் சூழ்நிலையும் என்ற பாடத்தைப் பிரித்துவிட்டாள். ஒருத்தருக்கு ரத்தத்தில் வருவது எவ்வளவு, வளர்ப்பில் வருவது எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர்கள் இத்தனை காலம் சண்டை போட்டு, கடைசியில் இரண்டும்தான் என்று முடித்திருக்கிறார்களாம். இதைத்தான் எங்கள் டீக்கடையிலேயே சொல்வார்களே.

அந்தப் பாடத்தில் நாக்கைச் சுருட்டுகிற பரிசோதனை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து அக்காவும் வந்திருந்தாள். கறிக்குழம்பு வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "எல்லாரும் நாக்க நீட்டி ரெண்டு ஓரத்தையும் மேல சுருட்டுங்க பாப்போம்," என்றேன். வயசான காலத்தில் இது என்ன கூத்து என்று அப்பா சிரித்தார், ஆனால் சுருட்டினார். அம்மா சுருட்டினாள். அக்கா ஓலைச் சுருள் மாதிரி சுருட்டிக் காட்டிவிட்டு, "பாத்துக்க," என்றாள். எனக்கு வரவில்லை. விரலால் மடக்கிப் பார்த்தும் வரவில்லை.

"இந்த டெஸ்ட இப்ப யாரும் ஏத்துக்கறதில்லீங்க. புக்குல கீழயே போட்டிருக்குது," என்றாள் ஸ்டெஃபி.

கீழே போட்டிருப்பதை யார் படித்தார்கள்? நான் நேராக அம்மாவிடம் கேட்டேன். "பெங்களூர்ல நான் எந்த ஆஸ்பத்திரில பொறந்தம்மா?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "எதுக்குடா இப்ப அது?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கறவன் சோத்தத் தின்னு."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். கறிக்குழம்பு இருக்கும்போது அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள். சட்டென்று பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். சரி, அப்பா, அம்மா, அக்கா எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அந்த வாரம் நான் மனுஷனாகவே இல்லை. மில்லில் எடை தப்பித் தப்பிப் போட்டேன். ரத்தம் யாருடையதாக இருந்தால் என்ன, வளர்த்தவள்தானே அம்மா என்று மற்றவனுக்குச் சொல்ல எனக்கும் தெரியும். என்னிடம் நானே சொல்லிப் பார்த்தால் எடுபடவில்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ என்னை அடித்திருக்கிறார்கள். போதும் போதும் என்று நான் கத்தியிருக்கிறேன். அப்படியானால் நான் அந்த வீட்டுப் பிள்ளை. மிக்கேலம்மாள் பெற்ற பிள்ளை இல்லை. முப்பது வயசைத் தாண்டியவன் பேசுகிற பேச்சு இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: எனக்கு என் அம்மா வேண்டும். அவளே பெற்றிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கேட்டுவிட்டேன். அப்பா தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போயிருந்தார். அம்மா நடு வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரமும் வந்திருந்த அக்கா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஸ்டெஃபி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணால் சொன்னால் நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

"அம்மா, நான் யாரு வூட்டுப் பிள்ள?"

"பைத்தியமாடா உனக்கு?"

"சொல்லு. என்ன எங்கருந்து எடுத்தாந்தீங்க?"

"நீ என் வயித்துல பொறந்தவன்டா. அந்தோணியார் மேல சத்தியம்."

"பொய் சொல்லாதம்மா. தூக்கத்துல நான் கன்னடம் பேசறன். இங்க யாரு எனக்குக் கன்னடம் சொல்லிக் குடுத்தா? நான் வளர்ப்புப் பிள்ளதான?"

கத்திவிட்டேன். தெருவில் போன சைக்கிள்கூட நின்று போயிருக்கும். நான் செல்போனை எடுத்து, சத்தத்தை முழுசாக வைத்து, ஒலிப்பதிவைப் போட்டேன்.

"சாக்கு... சாக்கு... ஹொடிபேடா..."

அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. "நிறுத்துடா," என்று செல்போனைப் பிடுங்க வந்தாள். அவள் கண் என்மேல் இல்லை, அடுப்படிமேல் இருந்தது. நான் கையை உயரத் தூக்கிக்கொண்டேன். செல்போன் அழுதது. "ஹொடிபேடா..."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"இல்ல மகா, ஹொடியல்ல. மல்க்கோ, மல்க்கோ."

அக்காவின் குரல். பால் பொங்குகிறதா என்று பார்த்தபடி, திரும்பாமலே, தூக்கக் கலக்கத்தில் பிள்ளையைத் தட்டுகிறவள் மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு துணியால் கையைத் துடைத்தபடி அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"நான் இப்ப என்னா சொன்னேன்?" என்று எங்களைக் கேட்டாள்.

எனக்கு அர்த்தம் தெரியாது. அவளுக்கும் தெரியாது. எனக்காவது மாதவராஜ் சொன்ன ரெண்டு வார்த்தை தெரியும், அக்காவுக்கு அதுவும் கிடையாது. அவள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வர, "அய்யய்யோ," என்று உள்ளே ஓடினாள்.

அம்மா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்காரவைத்தாள். குரலை அடக்கி, அவசர அவசரமாகப் பேசினாள்.

"அது உன் பேச்சு இல்லடா. அவ பேச்சு. நாங்க இருந்த கொட்டாயில பக்கத்துக் கொட்டாய்க்காரன் பொண்ணு. அவங்காத்தா செத்துட்டா. குடிச்சுட்டு வந்து அந்தப் பாவி புள்ளயப் போட்டு அடிப்பான். ஒரு நாளு அவளத் தூக்கி என் கையில குடுத்துட்டு, இனிமே வரமாட்டேன்னு போயிட்டான். இங்க வந்து ரெண்டு வருஷம் தூக்கத்துல இப்படித்தான் கத்துவா. உங்க ரெண்டு பேரையும் ஒரே பாயிலதான போடுவேன். நீ பேச ஆரம்பிச்சதே இந்தச் சாக்குலதான்டா. முழிச்சிருக்கறப்ப அவ சுத்தமா மறந்துட்டா."

"இப்ப அக்கா சொன்னது?"

"அது நான் சொல்றது. அடிக்க மாட்டாங்க சாமி, படுத்துக்கன்னு. எனக்குத் தெரிஞ்ச அரைகொறக் கன்னடத்துல அவளுக்குச் சொல்வேன்." அம்மாவின் கை என் சட்டையை விடவில்லை. "அவளுக்குத் தெரியாதுடா. அவ மாமியா வூட்டுக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னா சாதி, எந்த வம்சம்னு கேப்பாங்க. என் பொண்ணு தாங்கமாட்டா."

என் பொண்ணு என்று சொன்னாள். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் இவள் பெற்ற பிள்ளை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே என்மேல் எனக்கு அருவருப்பாகவும் இருந்தது. யாருடைய அழுகையை இத்தனை வருஷம் நான் உள்ளே வைத்துக்கொண்டு கிடந்தேன்? அழுதவள் மறந்துவிட்டாள், பக்கத்தில் படுத்திருந்தவனுக்கு மறக்கவில்லை. அப்படியானால் அந்த ஞாபகம் யாருடையது? ஸ்டெஃபியின் புத்தகத்தில் இதற்கு எத்தனை மார்க்கு கொடுப்பார்கள்? எதுவும் எனக்கு விளங்கவில்லை.

அக்கா திரும்பி வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். இடுப்பில் கையை வைத்தாள். அம்மாவேதான்.

"இப்ப சொல்லுங்க. யாரு வளர்ப்புப் பிள்ள? இவன் கத்தனது அடுப்படி வரைக்கும் கேட்டுது. நான் என்னவோ பேசறேன், அது என்னான்னு எனக்கே தெரியல. நீ எதுக்கும்மா அழுவற?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஒரு பொய்யை வைத்துக்கொண்டு, அதையும் சொல்லாமல் மறைத்தே ஓட்டியவள். அக்காவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. செல்போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். தன் வாயை விரலால் தொட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அவளே கூட்டிக் கழித்துவிடுவாள். கணக்கில் அவள் எப்போதும் கெட்டி.

"நான்தான்க்கா," என்றேன்.

"என்னா நான்தான்?"

"என்னத்தான் பெங்களூர்லருந்து எடுத்தாந்தாங்களாம். யாரோ பக்கத்துக் கொட்டாய்க்காரரு பிள்ளையாம். இப்பதான் அம்மா சொல்லுச்சு. நான் ராத்திரில அழுவனாம், அம்மா கன்னடத்துல சமாதானம் சொல்லுமாம்."

ஒரு வாரமாக எந்த வார்த்தைக்குப் பயந்து செத்தேனோ, அது என் வாயிலிருந்து இத்தனை சுலபமாக வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். கண் முழித்துக்கொண்டுதான் சொன்னேன். என்ன சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். வாசலில் ஸ்டெஃபி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவளை நான் கட்டிக்கொண்டதிலிருந்து அப்படி ஒரு மௌனத்தைப் பார்த்ததில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு பின்மண்டையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"போடா லூசு. இதுக்கா இந்த ஆட்டம் ஆடன? யாரு பெத்தா என்னா? உன்ன இடுப்புல தூக்கித் தூக்கித்தான் எனக்கு இந்தப் பக்கம் எலும்பே கோணலாப் போச்சு. நீ எந் தம்பிடா." அவளே யோசித்து அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "ஓ, அதான் எனக்கும் வாயில வந்துச்சா? இவன் அழுவறப்பல்லாம் நீ சொல்றத, பக்கத்துல படுத்துக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆயிருக்குது."

"ஆமாக்கா," என்றேன். "அப்படித்தான் இருக்கும்."

அம்மாவால் அதற்குமேல் முடியவில்லை. உரித்த வெங்காயமெல்லாம் மடியிலிருந்து உருண்டு ஓட, எட்டி அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினாள். அக்கா குனிந்து, அம்மாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அழுவாதம்மா. அவன் எங்க போயிடப் போறான்? பெத்த பிள்ள நான் இருக்கேன்ல, நான் பேசிக்கறேன் அவன்கிட்ட," என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்காகத்தான் அம்மா அழுகிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.